ஒரே தெரு, இரண்டு விண்ணப்பம்: கட்டட அனுமதியில் நியாயத்தை எங்கே பார்ப்பது?

கேள்வி இதுதான். வீட்டின் பின்பக்கம் ஓர் அறை சேர்த்துக் கட்ட ஒருவர் உள்ளாட்சியில் அனுமதி கேட்டிருக்கிறார். "விதிகளுக்கு உட்பட்டு இல்லை" என்று ஒரே வரியில் மனு திரும்பி வந்துவிட்டது. அதே தெருவில் நாலு வீடு தள்ளி, கிட்டத்தட்ட அதே அளவு அறைக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. "இது நியாயமா? நியாயமாக முடிவெடுத்தார்கள் என்று எதை வைத்துச் சொல்வது?" என்று கேட்கிறார்.

உள்ளாட்சி ஒன்றின் கட்டட அனுமதிப் பிரிவில் பல வருஷம் கோப்பு பார்த்தவன் நான். அதன் பிறகு மனு போடுகிறவர்களுக்கு உதவி செய்துவருகிறேன். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

நாலு வீடு தள்ளி அனுமதி கொடுத்தார்கள் என்பதை மட்டும் வைத்து அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. அதைப் பற்றிக் கீழே விரிவாக எழுதுகிறேன். ஆனால் உங்களுக்கு வந்த அந்த ஒரு வரிக் கடிதம் இருக்கிறதே, அது அநியாயம். முடிவு சரியாகவே இருந்திருந்தாலும் அந்தக் கடிதம் அநியாயம்தான். எந்த விதி, வீட்டின் எந்தப் பக்கம், எவ்வளவு குறைகிறது என்று சொல்லாத மறுப்பை உங்களால் திருத்திக்கொள்ள முடியாது. மேல்முறையீடு செய்யவும் பிடி கிடைக்காது. அந்த நாலாவது வீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூட முடியாது. அதனால்தான் காரணத்தை எழுதிக் கொடுப்பதை நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறேன்.

நான் செய்த ஒரு காரியத்தைச் சொன்னால் இது இன்னும் புரியும். ஒரே வாரத்தில் என் மேஜைக்கு இரண்டு கோப்புகள் வந்தன. இரண்டிலும் வெளிப்பக்க மாடிப்படி, மனை எல்லைக்கும் வீட்டுக்கும் நடுவே காலியாக விட வேண்டிய பக்க இடைவெளிக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. முதல் வரைபடத்தை வரைந்தவர் எங்கள் அலுவலகத்துக்கு வாரத்தில் மூன்று நாள் வந்து போகிறவர். அவரை ஃபோனில் கூப்பிட்டு, "படியை உள்பக்கமாகத் திருப்பி வரைந்து கொடுங்கள், சரியாகிவிடும்" என்றேன். மறுநாளே புதுத் தாள் வந்தது, பழைய தாளை எடுத்துவிட்டு அதை வைத்தேன். அந்த வாரமே அனுமதி போய்விட்டது. இரண்டாவது மனு ஒரு அம்மாவுடையது. அவரை எனக்குத் தெரியாது, வரைந்தவரையும் தெரியாது. "பக்க இடைவெளி விதிப்படி இல்லை, திருப்பி அனுப்பலாம்" என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். ஏழு மாதம் கழித்து, யாரையோ பிடித்துக் காரணத்தைத் தெரிந்துகொண்டு, திருத்திய வரைபடத்தோடு அவர் கவுன்டருக்கு வந்தார். "படியைத் திருப்பினால் போதும் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். என்னிடம் பதில் இல்லை.

யாரிடமும் நான் பணம் வாங்கவில்லை. இரண்டு கோப்பிலும் விதியை மீறவில்லை. இடைவெளி குறைந்த வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கவும் இல்லை. தணிக்கைக்கு வருகிறவர் அந்தக் கோப்புகளைப் புரட்டியிருந்தால் ஒரு குறையும் கண்டுபிடித்திருக்க மாட்டார். அப்படியும் ஒருவருக்கு ஒரே வாரத்திலும் இன்னொருவருக்கு ஏழு மாதத்திலும் வேலை நடந்தது. உள்ளாட்சி அலுவலகங்களில் பாரபட்சம் என்றால் எல்லோரும் லஞ்சத்தையும் சிபாரிசையும்தான் நினைக்கிறார்கள். அவை இல்லாத இடத்திலும் தெரிந்தவருக்குத் திருத்தச் சொல்லித் தருவதும் தெரியாதவருக்குத் திருப்பி அனுப்புவதும் நடந்துகொண்டே இருக்கும். செய்கிறவருக்கே அது தவறாகத் தோன்றாது. அன்றைக்கு அப்புறம் என் மேஜைக்கு வந்த எந்த மனுவையும் குறைப் பட்டியல் எழுதாமல் நான் திருப்பி அனுப்பியதில்லை. தெரிந்தவராக இருந்தாலும் ஃபோனில் சொல்லாமல் கடிதத்தில்தான் சொன்னேன்.

இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கும் இடங்கள் உண்டு. கலிஃபோர்னியாவில் 1977 முதல் இருக்கும் அனுமதி விரைவுச் சட்டத்தின்படி, மனு முழுமையாக இருக்கிறதா என்று 30 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் என்னென்ன குறை என்று பட்டியலிட வேண்டும். 30 நாளில் சொல்லாவிட்டால் மனு முழுமையானதாகவே எடுத்துக்கொள்ளப்படும். முதல் தடவை ஒரு குறை, சரிசெய்து கொடுத்ததும் இன்னொரு குறை, அப்புறம் மூன்றாவது என்று இழுத்தடிப்பது எவ்வளவு பேரை அலைக்கழிக்கிறது என்று அலைந்தவர்களுக்குத் தெரியும். எல்லாக் குறையையும் முதல் தடவையே சொல்லிவிடு என்ற இந்த ஒரு விதி பல புகார்ப் பெட்டிகளைவிட அதிகம் சாதிக்கும்.

சரி, நாலாவது வீட்டுக்கு வருவோம்.

ஒரே மாதிரி இருப்பவர்களை ஒரே மாதிரி நடத்த வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரே மாதிரி தெரியும் இரண்டு வீடுகள் கோப்பில் வேறு வேறாக இருக்கலாம். அவர் மனை இரண்டடி அகலம் கூடுதலாக இருக்கலாம். அவர் வீட்டில் ஏற்கெனவே கட்டிய பரப்பு குறைவாக இருந்து, இன்னும் கட்ட இடம் மிச்சம் இருந்திருக்கலாம். அனுமதி வாங்கிய தேதிக்குப் பிறகு விதி மாறியிருக்கலாம். விலக்கு கேட்டு, அதற்குத் தனியாகக் காரணம் காட்டி வாங்கியிருக்கலாம். இன்னொன்றும் நடந்திருக்கலாம்: அவருக்குக் கொடுத்ததே தவறாக இருக்கலாம். அப்படியானால் "அவருக்கும் தப்பாகக் கொடுத்தீர்கள், எனக்கும் கொடுங்கள்" என்று கேட்டால் எந்த நீதிமன்றத்திலும் எடுபடுவது கடினம். ஒரு தவறைக் காட்டி இன்னொரு தவறை உரிமையாகக் கேட்க முடியாது. அவருடைய அனுமதியை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று கேட்கலாம். தெருவில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் அப்படிச் செய்ய வேண்டுமா என்று நூறு தடவை யோசிக்க வேண்டும். பக்கத்து வீட்டை இடிக்க வைத்த ஒருவருக்கு அதனால் அரையடி இடம்கூடக் கூடுதலாகக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பது வீண் வேலை என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு வீட்டோடு ஒப்பிடும்போது தெரியாதது இருநூறு மனுக்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு 1886-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கைவிட நல்ல சாட்சி இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் மரக் கட்டடத்தில் சலவை நிலையம் நடத்த வேண்டுமானால் நகர ஆட்சிக் குழுவின் அனுமதி வேண்டும் என்று விதி வந்தது. தீ விபத்தைத் தடுக்கத்தான் என்றார்கள். படித்துப் பார்த்தால் விதியில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. ஊரில் ஏறக்குறைய 320 சலவை நிலையங்கள், அதில் 310 மரக் கட்டடங்கள். சீனர்கள் சுமார் 200 பேர் மனு போட்டார்கள், அத்தனையும் மறுக்கப்பட்டன. சீனர் அல்லாத எண்பது சொச்சம் பேர் போட்டார்கள், ஒன்றைத் தவிர எல்லாம் கிடைத்தன. யிக் வோ என்று வழக்கில் குறிக்கப்பட்டவர் 22 வருஷமாக அதே கட்டடத்தில் தொழில் செய்தவர். தீயணைப்பு அதிகாரிகளும் சுகாதார அதிகாரியும் கட்டடம் பாதுகாப்பானது என்று சான்று கொடுத்திருந்தார்கள். அவருக்கும் மறுப்புதான், மீறி நடத்தியதற்குச் சிறை. விதி எழுத்தில் நியாயமாக இருந்தாலும் கெட்ட கண்ணோடும் சமமில்லாத கையோடும் அதை நடத்தினால் அது சம உரிமையை மறுப்பதுதான் என்று நீதிமன்றம் சொன்னது.

அதில் நான் கவனிக்கும் விஷயம், அந்த விதி குழுவுக்கு எந்த அளவுகோலும் தரவில்லை என்பது. எந்த மாதிரிக் கட்டடம் என்றால் கொடுக்கலாம், எது இருந்தால் மறுக்கலாம் என்று ஒரு வார்த்தை இல்லை. "குழு சம்மதித்தால்" என்பதோடு முடிந்துவிட்டது. "அதிகாரி திருப்தியடைந்தால்", "தேவை என்று கருதினால்" என்ற சொற்களை உங்கள் ஊர் விதிகளிலும் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் எதை வைத்துத் திருப்தியடைவார் என்று அடுத்த வரி சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லவில்லையென்றால் பாரபட்சம் நுழைவதற்கு அங்கே வாசல் திறந்திருக்கிறது.

இருநூறு மனு வேண்டாம், ஒரே ஒருவரைக் குறிவைத்தாலும் அதே கேள்வி வரும். இல்லினாய் மாநிலத்தில் வில்லோபுரூக் என்ற சிற்றூர். ஒரு குடும்பம் தண்ணீர் இணைப்பு கேட்டது. இணைப்புக்காக மற்ற வீட்டுக்காரர்களிடம் 15 அடி அகல நிலத்தில் உரிமை கேட்ட ஊர் நிர்வாகம், இவர்களிடம் மட்டும் 33 அடி கேட்டது. இழுபறியில் மூன்று மாதம் போனது, கடைசியில் 15 அடிக்கே ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முன் இந்தக் குடும்பம் வேறொரு விஷயத்தில் ஊர் நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டு ஜெயித்திருந்தது, அதற்குப் பழிவாங்கத்தான் இது என்பது அவர்கள் வாதம். ஒரு பிரிவையோ இனத்தையோ சேர்ந்தவராக இல்லாமல் தனி ஒருவராக இருந்தாலும், நியாயமான காரணமே இல்லாமல் வித்தியாசமாக நடத்தப்பட்டால் வழக்குத் தொடுக்கலாம் என்று 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் குடும்பத்தால் கேட்க முடிந்ததற்கு ஒரே காரணம், அவர்கள் கையில் 15, 33 என்ற இரண்டு எண்கள் இருந்தன. உங்களுக்கு வந்த கடிதத்தில் ஒரு எண்கூட இல்லை.

அடுத்தது, முடிவெடுப்பதற்கு முன் உங்களைக் கேட்டார்களா என்பது. லண்டனில் கூப்பர் என்பவர் வீடு கட்ட ஆரம்பித்தார். அஸ்திவாரம் போடும் முன் ஏழு நாள் அவகாசம் வைத்து, உள்ளாட்சி வேலைகளைப் பார்த்த வட்டார வாரியத்துக்குத் தகவல் தர வேண்டும் என்று 1855-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. தராவிட்டால் இடிக்கலாம் என்றும் சொன்னது. தகவல் அனுப்பினேன் என்றார் கூப்பர், வரவில்லை என்றது வாண்ட்ஸ்வொர்த் வாரியம். வீடு இரண்டாம் தளம்வரை எழுந்த பிறகு, ஒரு வார்த்தை சொல்லாமல், ஆட்களை அனுப்பித் தரைமட்டமாக்கிவிட்டார்கள். சட்டம் எங்கேயும் "அவரை விசாரி" என்று சொல்லவில்லையே என்பது வாரியத்தின் வாதம். சட்டம் சொல்லாவிட்டாலும் கேட்கத்தான் வேண்டும் என்று 1863-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டை இழக்கப்போகிறவரைக் கேட்பதால் வாரியத்துக்கு என்ன கெடுதல் வந்துவிடும், நன்மைதானே நிறைய என்று தலைமை நீதிபதி எழுதினார். கடிதம் வழியில் தவறியிருக்கலாம், அவர் வந்திருந்தால் சொல்லியிருப்பார். 161 வருஷம் கழித்து, 2024 நவம்பர் 13 அன்று, இந்திய உச்ச நீதிமன்றமும் குறைந்தது 15 நாள் அவகாசம் தந்து காரணம் கேட்கும் நோட்டீஸ் இல்லாமல் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று நெறிமுறை வகுக்க வேண்டிவந்தது.

அறை கட்ட அனுமதி மறுப்பது வீட்டை இடிப்பதைப் போலப் பெரிய விஷயம் இல்லைதான். அதற்காக ஒரு நீண்ட விசாரணை வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். மறுக்கப்போகிறோம், இன்ன காரணம், இத்தனை நாளுக்குள் உங்கள் பதிலைச் சொல்லுங்கள் என்று ஒரு கடிதம் போதும். தள ஆய்வுக்கு வரும்போது மனுதாரரை வைத்துக்கொண்டு அளந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்காரர் இல்லாதபோது மதில் சுவரின் வெளிப்பக்கத்திலிருந்து அளந்துவிட்டுப் போய், பிறகு அந்த அளவால் வந்த தகராறுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டேப்பின் ஒரு முனையை வீட்டுக்காரர் கையில் கொடுத்திருந்தால் பாதித் தகராறு அங்கேயே முடிந்திருக்கும்.

இனி, இதே நியாயம் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சேரும். நீங்கள் கட்டும் அறை அவர்கள் ஜன்னலை மறைக்கலாம், அவர்கள் மனைக்குள் தண்ணீரைத் தள்ளலாம். அவர்களுக்கும் சொல்ல உரிமை உண்டு. அதில் எதை எடைபோட வேண்டும் என்பதில்தான் உள்ளாட்சிகள் அடிக்கடி தடுமாறுகின்றன. நாற்பது பேர் கையெழுத்துப் போட்ட ஆட்சேபணை வந்தால் குழு பயந்துவிடும். நாற்பது பேர் சேர்ந்து "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதினாலும் அது காரணமாகாது. ஒரே ஒருவர் வந்து "இந்தச் சுவர் வந்தால் என் வீட்டு வடிகால் அடைபடும்" என்று காட்டினால் அது காரணம். மனுதாரர் புதிதாகக் குடிவந்தவர், வேறு மாதிரி ஆட்கள், வாடகைக்கு விடப்போகிறார்கள் என்றெல்லாம் வரும் ஆட்சேபணைகளைக் கோப்பிலேயே சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கொடுத்த அனுமதிக்கும் காரணம் வேண்டும், மறுப்புக்கு மட்டும் போதாது. இங்கிலாந்தில் டோவர் நகருக்குப் பக்கத்தில், இயற்கை அழகுக்காகப் பாதுகாக்கப்பட்ட பகுதியில் 521 வீடுகள் கட்ட மனு வந்தது. 365-ஆகக் குறைக்கலாம் என்று அலுவலர்கள் பரிந்துரைத்தார்கள். குழு அதை ஒதுக்கிவிட்டு முழுசாகவே கொடுத்தது, ஏன் ஒதுக்கினோம் என்று போதிய விளக்கம் தரவில்லை. 2017-இல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் அனுமதி ரத்தானதை உறுதிசெய்தது. அலுவலர் சொன்னதற்கு எதிராக முடிவெடுக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் ஏன் என்று ஊருக்குத் தெரிய வேண்டும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இதில் உட்காரும்போது வரும் சிக்கல் தனி. ஊர் முழுவதற்கும் விதி வகுக்கும்போது அவர்கள் அரசியல்வாதிகள், யாரோடும் பேசலாம், தேர்தல் வாக்குறுதியை நினைவில் வைத்து ஓட்டுப் போடலாம். ஒரு குறிப்பிட்ட மனைக்கு அனுமதி தரும்போது அவர்கள் கிட்டத்தட்ட நீதிபதிகள். அமெரிக்காவின் ஓரிகன் மாநில உச்ச நீதிமன்றம் 1973-இல் ஃபசானோ வழக்கில் இந்தக் கோட்டைப் போட்டது. குறிப்பிட்ட ஒரு நிலத்தைப் பற்றிய முடிவு என்றால் இரு தரப்புக்கும் பேச வாய்ப்பு, ஆதாரத்தை மறுக்க வாய்ப்பு, முன்கூட்டியே தனியாகப் பேசி முடிவுகட்டாத குழு, எழுதப்பட்ட பதிவு எல்லாம் வேண்டும் என்றது. உறுப்பினருக்கு மனுதாரரோடு உறவோ வியாபாரமோ இருந்தால் அதைச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போக வேண்டும். ஓட்டுப் போடாமல் அங்கேயே உட்கார்ந்திருப்பது போதாது, மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

நிபந்தனைகள் பற்றியும் சுருக்கமாக. "அனுமதி தருகிறோம், ஆனால் முன்பக்கம் இவ்வளவு நிலத்தை எழுதிக் கொடு" என்று கேட்பது உண்டு. கேட்கலாம், ஆனால் கட்டடத்தால் வரும் பாதிப்புக்கும் கேட்பதற்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று 1987-இல் நோலன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே புது வீடு கடற்கரைக் காட்சியை மறைக்கும் என்பதற்காக, வீட்டுக்குப் பின்னால் மணலில் பொதுமக்கள் நடக்க வழி விடச் சொல்லியிருந்தார்கள். மணலில் நடக்க விட்டால் தெருவில் போகிறவருக்குக் கடல் எப்படித் தெரியும்? 1994-இல் டோலன் வழக்கில், கேட்கும் அளவும் பாதிப்பின் அளவுக்கு ஏறக்குறைய ஈடாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள்.

தாமதத்தைப் பொறுத்தவரை இரண்டு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. கெடு தாண்டினால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்பது ஒன்று. இங்கிலாந்தில் வேறு மாதிரி: சின்ன மனுக்களுக்கு 8 வாரம், அதற்குள் முடிவு வராவிட்டால் மறுத்ததாக வைத்துக்கொண்டு மேல்முறையீடு போகலாம். முதல் வழி மனுதாரருக்கு இனிக்கும். ஆனால் யாருமே பார்க்காத வரைபடத்தில் பக்கத்து வீட்டு வெளிச்சமும் தீயணைப்பு வண்டி வரும் வழியும் போய்விடக் கூடும். சின்ன வேலைகளுக்கு முதல் வழி, பெரிய கட்டடங்களுக்கு இரண்டாவது என்று வைத்தால் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் அந்த மறுப்புக் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். மேல்முறையீட்டுக் கெடு பெரும்பாலும் அதை ஒட்டித்தான் ஓடும், அது எந்த நாளிலிருந்து எத்தனை நாள் என்று உங்கள் ஊர் விதியில் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். அப்புறம் சண்டைக்குப் போகாமல் ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த விதியின் எந்தப் பிரிவு, வரைபடத்தில் எந்த இடம், விதி கேட்கும் அளவு என்ன, என் வரைபடத்தில் இருப்பது என்ன, எதை மாற்றினால் ஏற்பீர்கள் என்று கேளுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கோப்பைப் பார்வையிட உங்கள் ஊர்ச் சட்டத்தில் உரிமை இருந்தால் பார்வையிடுங்கள், குறிப்புத் தாளில் யார் எந்தத் தேதியில் என்ன எழுதினார்கள் என்று பாருங்கள். நாலாவது வீட்டின் அனுமதி பொதுப் பதிவாக இருந்தால் அதன் நகலையும் கேளுங்கள். கையில் இரண்டு அளவுகளும் வந்த பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பதில் வந்து, அதில் உண்மையாகவே இடைவெளி குறைகிறது என்று தெரிந்தால், அறையை அவ்வளவு உள்ளே தள்ளி வரைந்து மறுபடி போடுங்கள். மேல்முறையீட்டுக்கு ஆகும் மாதங்களைவிட அது சீக்கிரம் முடியும். உங்கள் அளவும் அந்த வீட்டின் அளவும் ஒன்றாகவே இருந்து, உங்களுக்கு மட்டும் மறுத்திருந்தால், இரண்டு வரைபடங்களையும் இணைத்து மேல்முறையீடு போடுங்கள். மேல்முறையீட்டுக் கெடு நெருங்கியும் பதிலே வராவிட்டால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், மேல்முறையீட்டைப் போட்டுவிடுங்கள். காரணம் சொல்லவில்லை, கேட்டும் சொல்லவில்லை என்பதையே முதல் காரணமாக எழுதி, முத்திரை போட்ட நகலை இணைத்துவிடுங்கள்.